எழுபத்தெட்டு கிலோ

…பழைய இரும்பு விக்கிறதுன்னா அவ்வளவு லேசுன்னு நெனச்சிட்டீங்களா சார்? இல்ல, ஒட்டுக் கேக்கல. நீங்க போன்ல பேசினது தானா வந்து காதுல விழுந்துச்சு. பக்கத்துல உக்காந்திருக்கேன், காதைக் கழட்டியா வைக்க முடியும்? ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு பீரோ, பழைய ஜன்னல் கம்பி கொஞ்சம், நல்ல கடையா ஒண்ணு சொல்லுன்னு யார்கிட்டயோ கேட்டீங்க. அவர் என்ன சொன்னார்? எல்லாக் கடையும் ஒண்ணுதான், எங்கயாவது போடுன்னாரா? சொல்லுவார், சொல்லுவார். அவர் வீட்டு இரும்பா போகுது?

உக்காருங்க சார். உங்க சீட்டு பதினேழு. உள்ள இப்பதான் ஒன்பது போயிருக்கு. இந்த டாக்டர் ஒவ்வொருத்தரையும் நிதானமாப் பாப்பார். ரொம்ப நல்ல டாக்டர்னு பேரு. வெளிய காத்திருக்கிற நேரத்துலயே பாதிப் பேருக்குத் தானா சரியாப் போய் வீட்டுக்குக் கெளம்பிடறாங்க, அதுல வந்த பேரா இருக்கும்.

நான் ஒரு கம்பெனில முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பர். உள்ள வர்ற சாமானும் வெளிய போற சாமானும் என் கையைத் தாண்டாம போகாது. ஒரு போல்ட்டு, ஒரு நட்டு… எண்ணி வாங்கி, எண்ணிக் குடுத்து, எழுதி வெச்சவன். லாரி டிரைவருங்க எனக்கு வெச்ச பேரே ‘தராசு’தான். பின்னாடி வேற பேரும் இருந்துச்சாம், அதை எதுக்கு இப்போ. ரிட்டயர் ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு. அப்படிப்பட்டவன், பழைய இரும்பு விக்கிறதுக்கு ஒரு ஒழுங்கான கடை தேடி நாய் படாத பாடு பட்டேன்னா நம்புவீங்களா?

எங்க பொண்ணு இந்த மாசக் கடைசில வர்றா. கைக்குழந்தை. வேலையை இந்தப் பக்கம் மாத்திக்கிட்டா, ஆறேழு மாசம் எங்ககூடத்தான் இருக்கப் போறா. அதனால மாடி ரூமைக் காலி பண்ணுங்கன்னு சம்சாரம் சொன்னா. மாடி ரூம்னா… ரூம்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. கேட்டை மாத்தினப்ப கழட்டின பழைய இரும்புக் கேட்டு, ஓட்டை விழுந்த ரெண்டு ஹீட்டரு, செம்புக் குழாயி, கிரில்லு, ஒரு கால் இல்லாத இஸ்திரி மேசை, நடக்கறதுக்குன்னு வாங்கி ஒரே ஒரு நாள் நடந்த மெஷினு… எல்லாம் அங்கதான். எதையும் தூக்கிப் போட மாட்டேன் சார். ஸ்டோர் கீப்பர் புத்தி. எப்பவாவது உதவும்னு வெச்சிருப்பேன். உதவினதே இல்ல, அது வேற.

சரி, விக்கலாம்னு முடிவு பண்ணின உடனே என் மச்சினன் வந்தான். அவனை நான் கூப்பிடல. கூப்பிடாம வர்றதுதான் அவனுக்குத் தொழில். மாமா, பைபாஸ்ல ஒரு யார்டு இருக்கு, ஒரு அம்மா நடத்தறாங்க, லைசென்ஸ் இருக்கு, தராசுல சீல் இருக்கு, பில்லு குடுப்பாங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்னான். அவன் கண்ணை மூடிக்கிட்டுச் சேந்த சீட்டு ரெண்டு, வாங்கின பழைய வண்டி ஒண்ணு. அதனால அவன் சொன்னதைக் கடைசில வெச்சுட்டு நானே தேடக் கெளம்பினேன்.

எப்படித் தேடினேன்னு கேளுங்க. இதுலதான் என் மூளையே இருக்கு. இந்த வியாபாரத்துல வெலை பெருசில்ல சார், எடைதான் பெருசு. வெலையில ஒண்ணு ஏத்திக் குடுத்துட்டு எடையில பத்தை உருவிடுவான். அப்ப தராசைப் பரிசோதிக்கணும். அதுக்கு எடை தெரிஞ்ச ஒரு சாமான் வேணும். கைல தூக்கிக்கிட்டு அலைய முடியாது. அதனால… நானே போய் ஏறி நின்னேன். என் எடை எழுபத்தெட்டு. ரிட்டயர் ஆன அன்னைக்குக் கம்பெனி ஆஸ்பத்திரில எடுத்தது, சீட்டு ஃபைல்ல இருக்கு. எழுபத்தெட்டு காட்டினா யோக்கியன். கொறச்சுக் காட்டினா கெளம்பு. எப்படி?

மார்க்கெட் மூலைல ஒருத்தன், காதுல எப்பவும் பேனா சொருகியிருப்பான். அவன் மெஷின்ல ஏறினேன். எழுபது. நான் எழுபத்தெட்டுன்னு சொன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, செருப்போடயே எழுபதுதான் சார்னான். எட்டு கிலோவை என் கண்ணு முன்னாடியே முழுங்கறான் சார். கேட்டை என்ன பண்ணுவான்? வந்துட்டேன். பாலத்துக்குக் கீழ இன்னொரு கடை. அது முள்ளு வெச்ச பழைய மெஷின். அதுல எழுபதரை. அந்த அரை எதுக்குன்னா, நடுவுல நாலு கிளாஸ் தண்ணி குடிச்சிருந்தேன். அப்பெல்லாம் தாகம் அப்படி. அந்தக் கடைக்காரன் போன்ல இருந்து தலையைத் தூக்கவே இல்ல. நான் சண்டை போட்டுட்டு வந்ததுகூட அவனுக்குத் தெரிஞ்சிருக்காது.

வேற வழியில்லாம மச்சினன் சொன்ன யார்டுக்குப் போனேன். அடேயப்பா, அது கடையே இல்ல சார், ஆபீஸு. வாசல்ல லைசென்ஸை பிரேம் போட்டு மாட்டியிருக்கு. செம்பு ஒரு குவியல், பித்தளை ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல். காந்தத்தை வெச்சு, ஒட்டறது இந்தப் பக்கம், ஒட்டாதது அந்தப் பக்கம்னு ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டே இருக்காங்க. அந்த யார்டு அம்மா, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடி, கைல நோட்டு. சாமான் எங்கேருந்து வருது, யார் பேர்ல இருக்கு, அடையாள அட்டை கொண்டு வருவீங்களா… கேள்வி மேல கேள்வி. பழைய கேட்டை வாங்கப் போறாங்களா, எனக்குப் பாஸ்போர்ட் குடுக்கப் போறாங்களான்னே புரியல. இன்னொருத்தர் ஃப்ரிட்ஜ் கொண்டு வந்திருந்தார். கேஸை மெக்கானிக்கை விட்டு எறக்கிட்டு வாங்க, அப்படியே ஒடைக்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவாங்க, இப்பவே மெக்கானிக்கைப் பாத்து வெச்சுக்குங்க.

தராசுல ஏறினேன். எழுபது.

எனக்கு வந்துச்சே கோவம். லைசென்ஸ் மாட்டி, சீல் வெச்சு, நோட்டுப் போட்டு இவ்வளவு நாடகம், கடைசில அதே எட்டு கிலோ. ஊர்ல எல்லாரும் கூடிப் பேசி என் எட்டு கிலோவைப் பங்கு போட்டுட்டாங்கன்னு சத்தம் போட்டேன். அந்தம்மா இருபது கிலோ படிக்கல்லை எடுத்து வெச்சாங்க. இருபது பாயின்ட் ஜீரோ ஜீரோ. இன்னொண்ணு வெச்சாங்க. நாப்பது. படிக்கல்லுக்கு மட்டும் சரியாக் காட்டற மாதிரி செட் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னேன். சொன்னேன் சார், வெக்கமில்லாம. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, மெதுவா, "ஐயா, தராசு சரியாத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவை டாக்டரைப் பாத்துடுங்க"ன்னாங்க.

பழைய இரும்புக்காரங்க என்னைப் பழைய இரும்புன்னு சொல்லிட்டாங்களேன்னு கொதிச்சுப் போய் வீட்டுக்கு வந்தேன். வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி டாக்டர் டாக்டர்னு ஆறு மாசமா நச்சரிச்சுக்கிட்டிருக்கா. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போறீங்கன்னு கணக்கு வேற. ஊருக்கே நான் கணக்கு எழுதினேன், எனக்கு இவ எழுதறா.

ரெண்டு நாள் கழிச்சு, சம்சாரம் கண்ணு செக்கப்புக்குப் போயிருந்தா. தெருவுல ஒரு மினி லாரி வந்துச்சு. வெள்ளைச் சட்டை, நெத்தியில வேர்வைகூட இல்ல, அவ்வளவு சுத்தமான ஆளு. பழைய இரும்பு எடுக்கறவன் சட்டை வெள்ளையா இருக்குன்னா அவன் இரும்பைத் தொடறதில்லன்னு அர்த்தம். அது எனக்கு இப்பப் புரியுது. அப்ப என்ன பண்ணினேன் தெரியுமா? கேட்டுல நின்னுக்கிட்டே, தம்பி, என் எடை எழுபத்தெட்டு, உன் தராசு என்ன காட்டுதுன்னு பாக்கணும்னேன். பரீட்சைத் தாளைக் கைல குடுத்து, விடையையும் பின்னாடியே எழுதிக் குடுத்தா எவன் சார் ஃபெயில் ஆவான்? தாராளமா ஏறுங்க ஐயான்னான். ஒரு கை பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. ஏறினேன். எழுபத்தெட்டு பாயின்ட் ரெண்டு.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஒரு யோக்கியன் கெடைச்சுட்டானேன்னு. அவன் கையைப் பிடிச்சுக் குலுக்கினேன். மாடியைத் தொறந்து விட்டேன். அவன்கூட வந்த ஆளுங்களுக்கு நானே எடுத்துக் குடுத்தேன். செம்புக் குழாயைப் பாத்து, இது செம்பில்ல ஐயா, மேல பூசினதுன்னான். அப்படியா தம்பின்னேன். முப்பத்தொரு வருஷம் ஸ்டோரை ஆண்டவன் சார் நான். அடையாள அட்டை கேக்கல, பில்லு கேட்டா சிரிச்சான், உங்களை மாதிரி பெரியவங்ககிட்ட பில்லு எதுக்குன்னான். அந்த மரியாதையில அப்படியே உருகிட்டேன். மொத்தமும் நிறுத்தி நூத்தி முப்பது கிலோன்னான். சரின்னேன். கேட்டு மட்டுமே தொண்ணூத்திரெண்டு கிலோ, வாங்கின பில்லு என் ஃபைல்லயே இருக்கு. அதைப் போய்ப் பாக்கணும்னு தோணல. எழுபத்தெட்டு காட்டின தராசு தப்பா காட்டுமா?

மாடியே பளிச்சுன்னு ஆயிடுச்சு. சம்சாரம் வந்தா அசந்து போயிடுவான்னு கூட்டிப் பெருக்கி வேற வெச்சிருந்தேன். அவ வந்தா. படியேறிப் போனா. மேலேருந்து, "படிக்கட்டுத் திருப்பத்துல பச்சைக் கட்டில் வெச்சிருந்தேனே?"ன்னா.

குழந்தைக் கட்டில் சார். இரும்புக் கட்டில், நாலு பக்கமும் கம்பி வெச்சது. எங்க பொண்ணு படுத்தது. பேரக் குழந்தைக்குன்னு இவ அதைப் பரண்லேருந்து எறக்கி, துருவைச் சொரண்டி, நாலு நாள் உக்காந்து இளம் பச்சைல பெயின்ட் அடிச்சு, கழட்டி, பழைய போர்வைல சுத்தி நிறுத்தி வெச்சிருந்தா. நான் அதை ஜன்னல் கிரில்லுன்னு நெனச்சேன். நெனச்சேன்னுகூட சொல்ல முடியாது. பாக்கவே இல்ல. அவன் ஆளுங்க எடுக்கல சார். அதைத் தோள்ல போட்டு எறக்கினது நான்.

அவ திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி முடிச்சிருப்பேன். அவ படியிலயே உக்காந்துட்டா. அந்தக் கம்பியைப் பிடிச்சுத்தான் நம்ம பொண்ணு மொதமொதல்ல எழுந்து நின்னான்னு சொன்னா. அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டை குடுத்த நம்பருக்கு அடிச்சேன். ஒரு சலூன்காரர் எடுத்தார். ரெண்டாவது தடவையும் அவரே எடுத்தார். மூணாவது தடவை, வாங்க சார், முடி வெட்டிக்கிட்டே பேசலாம்னார். தெருத் தெருவா ரெண்டு நாள் சுத்தினேன். எந்த வெள்ளை லாரியைப் பாத்தாலும் பின்னாடி ஓடினேன். மூணாம் நாள் மச்சினன் வந்தான். நான் சொன்னேனே மாமான்னு ஆரம்பிப்பான்னு பாத்தா, ஒண்ணும் சொல்லல. அவன் சும்மா இருந்தது அதை விடக் கொடுமையா இருந்துச்சு. சின்ன வண்டிக்காரங்க எடுக்கற சரக்கெல்லாம் கடைசில பெரிய யார்டுக்குத்தான் வரும், கேட்டுப் பாக்கலாம்னான். சண்டை போட்ட எடத்துக்கே திரும்பப் போகணும். போனோம், மூணு பேரும்.

உள்ள நுழைஞ்ச உடனே அந்த யார்டு அம்மா, "வாங்க, எழுபத்தெட்டு"ன்னாங்க. எனக்கு அங்க அதுதான் பேராம்.

சம்சாரம்தான் பேசினா. பச்சைக் கட்டில், போர்வைல சுத்தினதுன்னா. அந்தம்மா நோட்டைப் பொரட்டினாங்க. தேதி, நேரம், வண்டி நம்பர், என்ன சரக்கு, எவ்வளவு எடை… எல்லாம் எழுதியிருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே கொண்டு வந்து போட்டிருக்கான் சார். இருநூத்தி நாப்பத்தோரு கிலோ. என்கிட்ட நூத்தி முப்பதா எடுத்தது, பைபாஸ் வர்றதுக்குள்ள வளந்துடுச்சு. நல்ல காத்தோட்டம் போல. அந்த மாதிரி தராசுக்குப் பாக்கெட்டுல வெச்சுக்கற ரிமோட்டு உண்டு, ஏத்தவும் முடியும் எறக்கவும் முடியும்னு அந்தம்மா சொன்னாங்க. இனிமே அவன் சரக்கை வாங்கறதில்லன்னு அவன் பேர் மேல ஒரு கோடு போட்டாங்க.

கட்டிலை ஒடைக்கல சார். புதுப் பெயின்ட்டு, நட்டு போல்ட்டெல்லாம் தனியா ஒரு துணிப்பையில முடிஞ்சு கட்டியிருக்கு. ஒடைக்கக் குடுக்கறவங்க போல்ட்டை முடிஞ்சு வைப்பாங்களான்னு அவங்களுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்த சாமானைப் பத்து நாள் தனியா எடுத்து வெப்பாங்களாம். ஆனா எடுத்த எடுப்புல நீட்டிடல. உங்களதுதான்னு எப்படி நம்பறதுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்வேன்? பச்சைங்கறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ சொன்னா, ஒரு காலுக்கு மட்டும் வாஷர் மூணு இருக்கும், ஒண்ணு போட்டா கட்டில் ஆடும்னு. பையை அவுத்துப் பாத்தாங்க. அந்த மூணு வாஷரையும் ஒரு நூல்ல கோத்து வெச்சிருந்தா சார். என் ஸ்டோர்ல நான் அவ்வளவு ஒழுங்கா வெச்சதில்ல.

அதோட கெளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இரும்புக்கு உங்க தராசு சரிதாம்மா, மனுஷனுக்குத்தான் தகராறுன்னு ஒரு ஜோக் அடிச்சேன். என்ன தகராறுன்னு இவ கேட்டா. அந்தம்மா வேற பக்கம் பாத்தாங்க. யார்டுல ஏற்கெனவே விசாரிச்சு வெச்சிருந்த மச்சினன்தான் எழுபது காட்டின கதையைச் சொல்லிட்டான். அதுக்குன்னே பொறந்தவன்.

இவ பையை என் கைல குடுத்துட்டு, செருப்பைக் கழட்டிட்டு அந்த மேடைல ஏறினா. அறுபத்தொண்ணு. போன வாரம் கண் ஆஸ்பத்திரில எனக்கு எடுத்தது அறுபத்தொண்ணுன்னா. எறங்கினா. "இப்ப நீங்க ஏறுங்க."

அறுபத்தொம்பது சார். அந்த ஒரு வாரத்துக்குள்ள இன்னும் ஒண்ணு போயிருந்துச்சு.

அவ அந்த நம்பரைப் பாத்தா. என் சட்டைக் காலரைப் பாத்தா. கட்டிலைத் தம்பி எடுத்துட்டு வரட்டும், நீங்க என்கூட வாங்கன்னா. நேரா இங்கதான். ரத்தம் எடுத்தாங்க. சுகர் முன்னூத்தி எண்பது. எத்தனை நாளாத் தாகம் இருக்குன்னு டாக்டர் கேட்டார். வெயில் காலம் இல்லையா டாக்டர்னேன். பத்து மாசமாவான்னார். நல்ல டாக்டர்னு சும்மா சொல்லல. மாத்திரை போட்டுக்கிட்டிருக்கேன். இன்னைக்கு மறுபடியும் ரத்தம் குடுத்திருக்கேன், ரிசல்ட்டுக்குத்தான் உக்காந்திருக்கேன். இது சமாளிக்கற வியாதிதான், பயப்படாதீங்கன்னார். பயமா, எனக்கான்னேன்.

உங்களுக்குக் கடை வேணும்னா அந்த யார்டு அம்மாகிட்டயே போங்க சார். நெறையக் கேள்வி கேப்பாங்க, கோவப்படாதீங்க. கேள்வி கேக்காம வாங்கறவன்கிட்ட எதையும் குடுத்துடாதீங்க. என் பேரைச் சொன்னா… வேண்டாம், என் பேரைச் சொல்லாதீங்க.

இன்னொண்ணு சொல்லணும். உங்களை எனக்குத் தெரியாது, அதனால சொல்றேன். மொதக் கடைல எழுபது காட்டினப்பவே எனக்குத் தெரியும் சார். தராசோட முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவன். மூணு தராசு ஒரே எடை சொன்னா தப்பு தராசுல இல்லன்னு எனக்கா தெரியாது? அதுக்கு முன்னாடியே தெரியும். பேன்ட்டு எறங்க ஆரம்பிச்சப்ப, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி பெல்ட்டுல ஓட்டை போட்டேன். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. எங்க அண்ணன் இப்படித்தான் எளச்சார். என்ன ஏதுன்னு பாக்கறதுக்குள்ள போயிட்டார். அவருக்கு வேற வியாதி. ஆனா எளைக்கிறது ஒரே மாதிரிதானே சார் இருக்கு, பாக்கறதுக்கு? நான் நல்ல கடை ஒண்ணும் தேடல. எழுபத்தெட்டுன்னு எவனாவது ஒருத்தன் சொல்ல மாட்டானான்னு அலைஞ்சேன். சொன்னான். அதுக்கு வீட்டையே அள்ளிக் குடுத்தேன்.

பெல்ட்டு விஷயம் இவளுக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். போன வாரம் டாக்டர் சீட்டை வைக்கலாம்னு அவ அலமாரியைத் தொறந்தேன். புடவைக்கு அடியில ஒரு புதுப் பெல்ட்டு. என் நெறந்தான், சின்ன சைசு. கடைப் பையோட, பிரிக்காம. பில்லும் உள்ளயே இருந்துச்சு. பில்லைப் பாத்தா தேதியைப் பாக்காம என்னால இருக்க முடியாது. நாலு மாசத்துக்கு முந்தின தேதி சார். வாங்கிட்டு வந்துட்டா, எடுத்துக் குடுக்கத் தைரியம் வரல போல.

எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன்.

அதோ, மருந்து வாங்கிட்டு வர்றா பாருங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், அவளும் உக்காரட்டும். காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கா.